தோட்டக்கார அக்கா பதில்கள்: காட்டுக்குள்ளே ஒரு சறுக்குமரம்

போன இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு வாசகி அனுப்பிய படம் வந்திருந்தது. நம் பினாங்கின் காப்புக்காடு ஒன்றுக்குள் பாசி பிடித்த சறுக்குமரம், அதன் படிக்கட்டு வழியாக ஏறிப்போய் உச்சியில் எட்டிப்பார்க்கும் ஒரு கொடி. ஆசிரியர் அதற்குக் கீழே, 'இதற்கு உயிர் வருமா?' என்று ஒரு வரி போட்டுவிட்டார். அவ்வளவுதான். ரோஜாவுக்கு என்ன உரம் என்று மாதாமாதம் கேட்கிறவர்கள்கூட இந்தத் தடவை அதைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். சரி, ரோஜா அடுத்த மாதம்.

அக்கா, அந்தப் படத்தை அனுப்பியது நான்தான். எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் காப்புக்காட்டுக்குள் தொண்ணூறுகளில் கட்டிய சிறுவர் வளாகம் அது. சறுக்குமரங்கள், ஊஞ்சல்கள், மரத்தால் ஒரு கோட்டை, ஓடையைத் தடுத்து முழங்கால் ஆழத்தில் ஒரு குளம், நிழலுக்கு உட்கார வக்காஃப் கொட்டகை, கழிப்பறை எல்லாம் இருந்தன. என் பிள்ளைகள் அங்கேதான் வளர்ந்தார்கள். இப்போது பேரனைக் கூட்டிக்கொண்டு போனால் ஊஞ்சலில் சங்கிலி மட்டும் தொங்குகிறது. தாமான் சங்கத்தில் பேசி, பணம் திரட்டிப் புதுச் சறுக்குமரம் வாங்கிப் போடலாம் என்றிருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?
வாசகி, செபராங் பிறை

கழிப்பறையிலிருந்து. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் ஓர் ஊராட்சி மன்றத்தின் பூங்காப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாழாய்ப்போன திடல்களைப் போய்ப் பார்த்து, எதை எடுப்பது, எதை விடுவது என்று எழுதிக்கொடுப்பதும் என் வேலைகளில் ஒன்று. எல்லாத் திடலும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் சாகும். முதலில் தண்ணீர்க் குழாய் உடையும், இல்லாவிட்டால் பம்ப் கெடும். ரிப்பேர் செய்ய ஆள் வரும்வரை என்று சொல்லிக் கழிப்பறைக்குப் பூட்டுப் போடுவார்கள். அந்தப் பூட்டு அப்புறம் திறக்காது. கைப்பிள்ளைக்காரி கழிப்பறை இல்லாத இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார மாட்டாள். தாய்மார் வராவிட்டால் பாட்டிமாரும் இல்லை, ஐஸ்கிரீம் மோட்டார்காரரும் இல்லை. காலியான வக்காஃபில் சாயங்காலம் வேறு கூட்டம் வந்து உட்காரும். மறுநாள் காலையில் உடைந்த போத்தல் கிடக்கும். போத்தலைப் பார்த்த பிறகு மிச்சம் இருந்தவர்களும் வரமாட்டார்கள். ஆளே வராத இடத்துக்கு எதற்குச் செலவு என்று புல் வெட்டுவதை மாதம் ஒரு தடவை, அப்புறம் பெருநாளுக்குப் பெருநாள் என்று குறைப்பார்கள். சறுக்குமரம் துருப்பிடிப்பது இதெல்லாம் நடந்து பல வருடம் கழித்து. நீங்கள் படம் எடுத்தது கடைசியில் செத்ததை.

அதனால், கழிப்பறையில் தண்ணீர் வராமல், காலையில் வந்து கூட்டிப் பெருக்கி மாலையில் பூட்டிவிட்டுப் போக ஒருவர் சம்பளத்தில் இல்லாமல், புதுச் சறுக்குமரம் வாங்கினால் அது பழைய சறுக்குமரம் போன வழியில்தான் போகும். நீங்கள் திரட்டும் பணத்தில் பாதியை வாங்குவதற்கு ஒதுக்கி, மீதியைத் தொடாமல் வைக்கலாம். அல்லது ஒரு நிறுவனத்திடம் நன்கொடை கேட்கப் போகும்போது, விளையாட்டுச் சாமான் வேண்டாம், 3 வருடத்துக்கு ஒரு காவலாளியின் சம்பளம் கொடுங்கள் என்று கேட்டுப்பாருங்கள். முகம் சுளிப்பார்கள். சம்பளத்தின் மேல் பெயர்ப்பலகை மாட்ட முடியாதே.

அடுத்தது, வளாகம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள். இது கேட்பதற்குச் சுலபம். நிலம் காப்புக்காடு; வன இலாகாவின் பொறுப்பு. கட்டடத்துக்குப் பணம் கொடுத்தது வேறொரு இலாகாவாக இருக்கும். புல் வெட்டியது மூன்றாவது ஆளாக இருக்கும். போய்க் கேட்டால் மூன்று பேரும் மற்ற இருவரைக் கை காட்டுவார்கள். எந்த அலுவலகத்தின் சொத்துப் பதிவேட்டில் அந்தச் சறுக்குமரமும் கழிப்பறையும் ஏறியிருக்கின்றன என்பது தெரிந்தால்தான் யாரை நெருக்குவது என்று தெரியும். பதிவேட்டிலேயே இல்லை என்றாலும் அதுவும் ஒரு பதில்தான். மாவட்ட வன அலுவலகத்தில் ஆரம்பியுங்கள். காடும் நிலமும் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளவை. நேராக மத்திய அரசுக்கு, புத்ராஜெயாவுக்கு எழுதி நாளைப் போக்காதீர்கள். கடிதம் மலாயில், ஒரே பக்கத்தில், படங்களோடு இருக்கட்டும். நகல் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு.

1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டத்தில் நிரந்தரக் காப்புக்காட்டைப் பல வகையாகப் பிரித்திருக்கிறார்கள். மண் காக்க ஒரு வகை, நீர்ப்பிடிப்புக்கு ஒரு வகை, ஆராய்ச்சிக்கு ஒன்று, மக்கள் வந்து பொழுதுபோக்க ஒன்று. உங்கள் இடம் கடைசி வகையில் இருந்தால் பேச்சு சுலபமாக நகரும். எந்த வகையாக இருந்தாலும் அனுமதி இல்லாமல் உள்ளே ஒரு கம்பம்கூட நடக்கூடாது. நல்ல எண்ணத்தோடு நட்டாலும் அதேதான்.

மூன்றாவது, லோங்காங், அதாவது மழைநீர் வாய்க்கால். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற மாநிலம் நம்முடையது. 2017 நவம்பரில் ஒரே இரவில் மரங்கள் சாய்ந்து, மலைச்சரிவுகள் இறங்கி, தீவும் பெருநிலமும் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். காட்டுக்குள் இருக்கும் வாய்க்கால் இலை விழுந்தே அடைபடும். அடைபட்ட தண்ணீர் திடல்மேல் ஓடும். ஓடுகிற தண்ணீர் கம்பத்தின் அடியில் இருக்கும் மண்ணை அரித்துக்கொண்டு போகும். மேலே வண்ணம் பளபளவென்று இருக்கும், அடியில் சிமெண்டு கட்டி ஈறு தேய்ந்த பல் மாதிரி வெளியே தெரியும். புது வண்ணம் அடிக்கும் முன்னால் ஒரு நல்ல மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு போய் நின்று, தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பார்த்து வரைந்துகொள்ளுங்கள். காண்ட்ராக்டர் கொண்டுவரும் வரைபடத்தைவிட அந்தத் தாள் உபயோகப்படும்.

அப்புறம்தான் சாமான்கள். இரும்புக் கம்பம் மண்ணைத் தொடுகிற இடத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் கம்பம் முடிந்தது. ஊஞ்சல் சங்கிலியின் கொக்கி பாதி தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். கம்பிகளுக்கு இடையில் ஏறக்குறைய 9 சென்டிமீட்டரிலிருந்து 23 சென்டிமீட்டர் வரை உள்ள எந்த இடைவெளியும் ஆபத்து: பிள்ளையின் உடம்பு நுழையும், தலை மாட்டிக்கொள்ளும். பழைய சாமான்களில் இது சகஜம். விளையாட்டுச் சாமான்களுக்கு எம்எஸ் 966 என்று மலேசியத் தர நிர்ணயம் இருக்கிறது. விலை கேட்கும்போதே அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். விற்பவர் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

மரக்கோட்டை செங்கால் என்ற கெட்டி மரமாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. தட்டிப் பார்த்து, உளுத்த பலகைகளை மட்டும் மாற்றினால் போதும். பச்சை நிறம் ஏறிய, மருந்து ஏற்றிய பைன் மரமாக இருந்தால் கவனம். அந்தக் காலத்தில் அதற்கு ஏற்றிய மருந்தில் ஆர்சனிக் உண்டு. கழற்றிப் போட்டு, கோத்தோங் ரோயோங் கூட்டுவேலை முடிவில் குப்பையோடு குப்பையாகக் கொளுத்திவிடாதீர்கள். புகையும் சாம்பலும் விஷம். அதை இலாகா மூலம்தான் அப்புறப்படுத்த வேண்டும்.

வருகிற ஞாயிறு எங்கள் இளைஞர் மணிமன்றத்தார் பாராங் கத்தி, புல் வெட்டும் மிஷின் எல்லாம் எடுத்துக்கொண்டு அதே மாதிரி ஓர் இடத்தைச் சுத்தம் செய்யப் போகிறோம். காலை உணவுக்கு நாசி லெமாக் சொல்லியாகிவிட்டது. ஏதாவது யோசனை?
வாசகர், பட்டர்வொர்த்

நாசி லெமாக்கை ரத்து செய்ய வேண்டாம், வேலையை ஒத்திவையுங்கள். வன அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு போங்கள். பாராங் கையில் இருந்தால் எல்லாமே புதராகத் தெரியும். வெட்டிய பிறகுதான் அது மெராந்தி கன்று என்று யாராவது சொல்வார்கள். வன இலாகாவின் ஆள் ஒருவர் கூட வந்து சிவப்பு நாடா கட்டிக் காட்டட்டும், கட்டியதை மட்டும் வெட்டுங்கள். முதல் நாள் குப்பை பொறுக்குவதும் வாய்க்கால் இலை வாருவதும் போதும். கையுறை, தடித்த காலணி கட்டாயம். சிலிப்பரோடு வருகிற தம்பிகளைப் பொட்டலம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் வெறும் சறுக்குமரத்துக்கு வருவார்களா அக்கா? ஜிப்லைன், டைனோசர் பொம்மைகள், இரவு விளக்கு அலங்காரம், ஒரு கஃபே. தனியாரிடம் குத்தகைக்கு விட்டு ஆளுக்கு 10 ரிங்கிட் வாங்கினால் பராமரிப்புச் செலவும் கிடைத்துவிடும். நீங்கள் பழைய காலத்திலேயே இருக்கக் கூடாது.
வாசகர், பாயான் லெப்பாஸ்

பழைய காலத்தில் இல்லை தம்பி, தெலுக் பாஹாங்கில் இருக்கிறேன். அங்கே எஸ்கேப் என்ற சாகசப் பூங்கா இருக்கிறது. 1,111 மீட்டர் நீளத்துக்குக் குழாய் நீர்ச்சறுக்கு போட்டு, உலகத்திலேயே நீளமானது என்று 2019இல் கின்னஸில் ஏற்றினார்கள். அந்த மாதிரி சந்தோஷம் வேண்டும் என்கிறவர்கள் டிக்கெட் எடுத்து அங்கே போகட்டும், தப்பே இல்லை. அதே தெலுக் பாஹாங்கில் வன இலாகாவின் காட்டுப் பூங்காவான தாமான் ரிம்பாவும் இருக்கிறது. மலை ஓடை பாறைகளுக்கு நடுவே குளம் குளமாகத் தேங்கி நிற்கும், நிழல் இருக்கும், பக்கத்திலேயே வன அருங்காட்சியகம். ஒரு பொதுவிடுமுறை நாளில் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் தண்ணீரை விட்டு வெளியே வர மாட்டேன் என்று அழுவார்கள். கல்லை அடுக்கி அணை கட்டுவார்கள், அதை உடைப்பார்கள், திரும்பக் கட்டுவார்கள். டைனோசர் ஒன்றுகூட இல்லை.

உங்கள் கணக்கில் எனக்கு இன்னொரு சந்தேகம். 10 ரிங்கிட் கட்டணம் என்றால் அப்பா, அம்மா, 3 பிள்ளைகளுக்கு 50 ரிங்கிட். காட்டோரத் தாமானில் குறைந்த சம்பளத்துக் குடும்பங்கள்தான் அதிகம். அவர்கள் வெளியே நின்று பார்ப்பார்கள். கஃபே வந்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும், மிச்சத்தைத் தேடிக் குரங்கு வரும். இரவு விளக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நம் காடுகளில் பறக்கும் லெமூர் இருக்கிறது. பகல் முழுக்க மரத்தில் பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டிருந்து, இருட்டிய பிறகுதான் மரம் விட்டு மரம் மிதந்து உணவு தேடப் போகும். அதன் வீட்டு வரவேற்பறையில் பல்பு போடுவதற்கு நமக்கு என்ன உரிமை? மாலை 7 மணிக்குக் கதவைப் பூட்டினால் மின்கட்டணமும் மிச்சம்.

உங்களோடு ஒத்துப்போகிற ஓர் இடம் உண்டு. பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று யோசித்தீர்கள் பாருங்கள், அது சரியான கேள்வி. கார் நிறுத்தக் கட்டணம் 1 ரிங்கிட் வாங்கலாம். நடந்தும் சைக்கிளிலும் வருகிறவர்களுக்கு இலவசம்.

எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். காடு என்றாலே பயமாக இருக்கிறது. எலிச் சிறுநீர் நோய், டிங்கி, குரங்குக் கடி. பேரங்காடிக்குள் இருக்கும் விளையாட்டு மையம்தான் பாதுகாப்பு என்று நினைக்கிறேன். தப்பா?
வாசகி, ஜார்ஜ்டவுன்

பயப்படுவது தப்பில்லை அம்மா, பயத்தோடு நாலு விஷயம் தெரிந்திருந்தால் போதும்.

எலிச் சிறுநீர் நோய் நிஜமான ஆபத்து. 2010இல் பகாங்கின் லுபுக் யூவில், ஆற்றில் மூழ்கிய ஒருவரைத் தேட இறங்கியவர்களுக்கே இந்த நோயும் மண்ணிலிருந்து வரும் இன்னொரு தொற்றும் வந்து சிலர் இறந்தார்கள். நோயைக் கண்டால் மருத்துவர்கள் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்ற விதி வந்ததும் அதே ஆண்டின் கடைசியில்தான். கிருமி எலியின் சிறுநீர் வழியாகத் தண்ணீரில் கலந்து, காயம் பட்ட தோல், கண், வாய் வழியாக உள்ளே போகும். காலில் சிராய்ப்பு இருக்கும் பிள்ளையைக் குளத்தில் இறக்காதீர்கள். பெருமழை பெய்த மறுநாள் கலங்கல் தண்ணீர் வேண்டாம். ஓடைத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. குளித்துவிட்டு வந்து ஒன்று இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால், மருத்துவரிடம் அவர் கேட்காவிட்டாலும் 'டாக்டர், பிள்ளை ஓடையில் குளித்தது' என்று நீங்களே சொல்லிவிடுங்கள். டிங்கி என்று நினைத்து நாளைக் கடத்துவது நடக்கிறது. இதனால்தான் குப்பைத்தொட்டி விஷயத்தில் நான் சண்டைக்காரி. மூடி இல்லாத தொட்டியில் ஒரு மீ கோரேங் பொட்டலம் கிடந்தால் போதும், அன்று ராத்திரியே எலி வந்துவிடும்.

டிங்கிக் கொசுவுக்குக் காட்டு ஓடை பிடிக்காது, நாம் வைத்த பாத்திரம்தான் பிடிக்கும். விளையாட்டுத் திடலில் யாரும் பார்க்காத ஓர் இடம் இருக்கிறது: இரும்புக் கம்பத்தின் உச்சியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடி. அது கழன்று விழுந்தால் கம்பம் முழுக்க மழைத்தண்ணீர் நிற்கும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் போதும். மணலும் சிமெண்டும் போட்டு அடைத்துவிட்டால் தீர்ந்தது. சறுக்குமரத்தின் அடிப்பகுதிக் குழிக்கும் இதே வைத்தியம்.

குரங்குக்கு வருவோம். தண்ணீர்மலைப் பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தீனி போடாதே என்று பலகை ஒரு பக்கம், கச்சான் பொட்டலத்தோடு மாமா ஒருவர் அதே பலகைக்குக் கீழே. குரங்கு பிள்ளையைத் தாக்குவதில்லை, பிள்ளையின் கையில் இருக்கும் பிளாஸ்டிக் பையைத் தாக்குகிறது. சாப்பாட்டை மூடிய முதுகுப்பையில் வையுங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம். கண்ணைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், பல்லைக் காட்டினால் சண்டைக்கு வருகிறாய் என்று அது எடுத்துக்கொள்ளும். கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி உடனே கிளினிக். சில வாசகர்கள் கூண்டு வைத்துப் பிடித்துவிடலாமே என்கிறார்கள். 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானின் அனுமதி இல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது.

இவற்றைவிட எனக்குப் பயம் கெபாலா ஆயர், அதாவது ஓடையில் திடீரென்று இறங்கும் வெள்ளம். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே மலையில் மழை பெய்திருக்கும். ஓடை திடீரென்று நிறம் மாறி, சருகும் குச்சியும் வந்தால், துண்டு செருப்பு எதையும் எடுக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேடேற வேண்டும். புதுப்பிக்கும் வளாகத்தில் குளத்தின் பக்கத்தில் இதைச் சொல்லும் பலகை ஒன்று நான்கு மொழியிலும் வேண்டும், தமிழும் சேர்த்து.

பேரங்காடி மையத்துக்கும் போங்கள். மழை நாளுக்கு அது நல்லது.

திடல் ஓரத்தில் ஒரு பெரிய மரத்தடியில் முனீஸ்வரர் இருக்கிறார். எங்கள் தாத்தா காலத்திலிருந்து விளக்கு வைக்கிறோம். வளாகத்தைப் புதுப்பித்தால் அவரை அகற்றிவிடுவார்களோ என்று ஊரில் பேச்சு. அதற்குள் கூரை போட்டு, டைல்ஸ் ஒட்டி, முறைப்படிக் கோயிலாக்கிவிடலாமா?
வாசகர், பெயர் வேண்டாம்

வேண்டவே வேண்டாம். சூலமும் கல்லும் மரத்தடியில் இருக்கும்வரை பேச்சுவார்த்தைக்கு இடம் இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் சிமெண்டு விழுந்த அன்று அது சட்டப் பிரச்சினையாகிவிடும், அப்புறம் யாராலும் உதவ முடியாது. வேலை தொடங்கும் முன்பே மாவட்ட வன அலுவலகத்துக்குப் போய், இப்படி ஒன்று இருக்கிறது, இவ்வளவு இடம்தான், இதற்கு மேல் பெரிதாக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள். ஜனவரி, பிப்ரவரி காய்ந்த மாதங்களில் சூடம் கொளுத்தினால் அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பழமும் பாலும் படைத்துவிட்டு அப்படியே விட்டு வராதீர்கள். அது முனீஸ்வரருக்குப் போகாது, குரங்குக்குப் போகும். அவர் காவல் தெய்வம், எல்லையில் வெயிலிலும் மழையிலும் நிற்பதுதான் அவர் வழக்கம்; டைல்ஸ் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். எங்கள் பள்ளி இதில் என்ன செய்ய முடியும்? நிதி கிடையாது.
ஆசிரியை, நிபோங் திபால்

நிதி இல்லாதவர்களிடம்தான் சனிக்கிழமை இருக்கிறது. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் வருடத்தில் இரண்டு சனிக்கிழமை காலையைக் கொடுத்தால் ஏறக்குறைய வருடம் முழுக்க வாரம் தவறாமல் ஓர் இடத்தில் ஆள் இருக்கும். வேலை பெரிதாக வேண்டாம்: இலை வாருவது, ஊஞ்சலை ஆட்டிப் பார்ப்பது, உடைந்ததைப் படம் எடுத்து வன அலுவலகத்துக்கு அனுப்புவது. வாரம் ஒரு தடவை யாராவது வந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே போத்தல் கூட்டம் வேறு இடம் பார்க்கும்.

பிள்ளைகளுக்கு என்ன விளையாட்டு வைப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். நான் தோட்டத்துப் பிள்ளை. ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவள். எங்களுக்குச் சறுக்குமரம் கிடையாது, ரப்பர் கொட்டைதான். வழவழவென்று புள்ளி போட்ட கொட்டையைக் கல்லில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்தில் இருப்பவள் கையில் வைப்போம், அவள் அலறுவாள், ஆயா இருவரையும் அடிப்பார். உங்கள் காட்டில் ரப்பர் இருக்காது, ஆனால் ஓரத்தில் சாகா மரம், அதாவது ஆனைக்குன்றிமணி இருந்தால் பிள்ளைகள் கீழே விழுந்த சிவப்பு விதையைப் பொறுக்கியே ஒரு காலையைக் கழிப்பார்கள். பல்லாங்குழி கொண்டுபோங்கள், விதை அங்கேயே கிடைக்கும். ஒன்றில் கவனம்: கறுப்புப் புள்ளியோடு இருக்கும் சின்னக் குன்றிமணி கொடியில் காய்ப்பது, அது கொடிய விஷம். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டு விளையாட விடுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது, கிளையை உலுக்கக் கூடாது.

என் மகன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். புதுப்பிக்கிறோம் என்று சொல்கிறவர்கள் எவரும் அவனை நினைப்பதில்லை.
தந்தை, ஆயர் ஈத்தாம்

நினைக்க வைக்க வேண்டும், அதுவும் வரைபடம் போடும் நேரத்திலேயே. பாதை முடிந்த பிறகு கேட்டால் பட்ஜெட் இல்லை என்பார்கள். சாய்வு 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் ஏறக் கூடாது; எம்எஸ் 1184 தர நிர்ணயத்தைக் காட்டிக் கேளுங்கள். காட்டு நிழலில் மரப்பலகைப் பாதை அழகாக இருக்கும், மூன்று மாதத்தில் பாசி பிடித்து வழுக்கும். அழுத்திய கருங்கல் தூள் பாதை பார்க்கச் சாதாரணம், சக்கரத்துக்கு நல்லது. வளாகம் முழுக்க முடியாவிட்டாலும் கார் நிறுத்தம், கழிப்பறை, ஓடைக்கரை மூன்றையும் சேர்க்கும் ஒரு பாதை கட்டாயம். ஓடைக்கரை என்று அழுத்திச் சொல்லுங்கள். பல இடங்களில் சக்கர நாற்காலிப் பாதை குப்பைத்தொட்டி வரைக்கும்தான் போகிறது.

எதற்கு இவ்வளவு பாடு? காடு தன் இடத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. விட்டுவிடுங்களேன்.
வாசகர், பாலிக் பூலாவ்

பாதி ஒத்துக்கொள்கிறேன் ஐயா. உங்கள் பக்கத்துக் கொடிமலையும் தண்ணீர்மலையும் தெலுக் பாஹாங்கும் சேர்ந்த 12,481 ஹெக்டேரை யுனெஸ்கோ 2021இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அந்த மாதிரிக் காடுகளின் ஓரத்தில் நமக்கு எவ்வளவு சிமெண்டு தேவை என்பது நியாயமான கேள்வி.

தொண்ணூறுகளில் கட்டிய வளாகங்கள் தேவைக்கு மேல் பெரியவை. அப்போது பட்ஜெட் இருந்தது, கட்டினார்கள். செபராங் பிறை வாசகி அனுப்பிய வளாகத்தை என்னிடம் கொடுத்தால், ஓடைக்கும் கார் நிறுத்தத்துக்கும் நடுவில் உள்ளதை மட்டும் வைத்துக்கொள்வேன். ஒரு வக்காஃப், ஒரு கழிப்பறை, ஒரு ஊஞ்சல் வரிசை, செங்கால் மரமாக இருந்தால் அந்தக் கோட்டை. மேட்டில் இருப்பதையெல்லாம் கழற்றி, சிமெண்டைப் பெயர்த்து எடுத்துவிட்டுக் காட்டிடம் கொடுத்துவிடுவேன்.

ஆனால் 'விட்டுவிடுங்கள்' என்றால் காடு தானாக வராது. முதலில் வருவது செந்துடுக் புலு, வெளிநாட்டுக் களை. நீலக் கறுப்பில் காய்க்கும், பறவை தின்று காடெல்லாம் பரப்பும். அக்காசியாவும் பின்னாலேயே வரும். அவற்றைச் சில வருடம் வேரோடு பிடுங்கிக்கொண்டே இருந்தால்தான் அடியில் இருக்கும் நம் மரக்கன்றுகளுக்கு வெளிச்சம் கிடைக்கும். ஓடைக்கரையில் எதையாவது நட்டே ஆக வேண்டும் என்று சங்கத்தார் துடித்தால், வன இலாகாவிடம் காப்பிஸ் கன்று கேளுங்கள். தைப்பிங் பெயரைத் தாங்கிய மஞ்சள் அசோகம் அது. தண்ணீரோரம்தான் அதற்குப் பிடித்த இடம். போகன்வில்லாத் தொட்டியை மட்டும் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

பழைய கார் டயரில் ஊஞ்சல் கட்டினால் செலவு குறையுமே?
வாசகர், பிறை

கட்டலாம். டயரின் அடியில் நாலைந்து துளை போடுங்கள், தண்ணீர் நிற்கக் கூடாது. 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தில் கொசுப் புழுவுக்கு அபராதம் உண்டு. உள்ளே எஃகுக் கம்பி துருத்தியிருக்கிறதா என்று கையுறை போட்டுத் தடவிப் பாருங்கள். கயிற்றை உயிருள்ள மரக்கிளையில் கட்ட வேண்டாம், நல்ல இரும்புச் சட்டத்தில் மாட்டுங்கள். ஊஞ்சலுக்குக் கீழே ஓர் அடி ஆழத்துக்கு மணல். அந்த மணலை வாரம் ஒரு தடவை கிளற வேண்டும், காட்டுப் பூனைக்கும் முசாங்குக்கும் அதுதான் கழிப்பறை.